செம்மணற்குடிக் கிணறுகள்

ரொம்ப நேரமா மேடையில நின்னு சட்டம், சட்டப்பிரிவுன்னே பேசிட்டேன். முன்வரிசையில ஒரு பேராசிரியர் கொட்டாவிய மறைக்கப் படாதபாடு படறாரு... விடுங்க சார், தாராளமா விடுங்க! இப்ப ஒரு குட்டிக் கதை. இதுக்கு யாரும் தூங்க மாட்டீங்க.

தெக்க, கடலோரத்துல ஒரு பல்கலைக்கழகம். பேரு வேணாம். அங்க ஜெசிந்தான்னு ஒரு பொண்ணு பிஎச்.டி. பண்ணுது. செம்மணற்குடிங்கற ஊர்ல ஒரு பெரிய சாயத் தொழிற்சாலை. அதச் சுத்தி இருக்கற கிணத்துத் தண்ணிய வருஷக்கணக்கா எடுத்து எடுத்துச் சோதிச்சு, "இதுல சாயக்கழிவு கலந்திருக்கு"ன்னு ஆய்வேடு எழுதிருச்சு.

என்ன வந்திருக்கும்? பாராட்டா? வக்கீல் நோட்டீஸ் வந்துச்சு! "ஆய்வேட்ட நிறுத்து, இல்லேன்னா உங்க எல்லார் மேலயும் மானநஷ்ட வழக்கு." எல்லார் மேலயும்னா... துணைவேந்தர் மேலயும்!

துணைவேந்தருக்கு வேர்த்துப் போச்சு. ஜெசிந்தாவையும் அதோட வழிகாட்டி நஸ்ரின் மேடத்தையும் கூப்பிட்டாரு. தன்மையாத்தான் பேசுனாரு.

"ஏம்மா, பட்டம் கையில வாங்கற நேரம். எதுக்கு வம்பு? தலைப்புல செம்மணற்குடின்னு இருக்கறத எடுத்துட்டு 'ஒரு கடலோரக் கிராமம்'னு போட்டுக்க. உனக்கும் நல்லது, எனக்கும் நல்லது."

அந்தப் பொண்ணு பயந்துதான் நின்னுச்சு. வீட்ல முதல் பட்டதாரி. இது போச்சுன்னா அத்தன வருஷமும் போச்சு. ஆனா கேட்டுச்சு பாருங்க...

"ஐயா, ஏதோ ஒரு ஊர்ல தண்ணி கெட்டுப் போச்சுன்னு எழுதுனா, எந்த ஊர்க்காரங்க ஐயா குடிக்கறத நிறுத்துவாங்க?"

நஸ்ரின் மேடம் பேசுனாங்க. "சார், பப்ளிக் வைவா நடத்தாம பட்டம் கொடுக்க முடியாதுல்ல? யாரு வேணும்னாலும் வரலாம், கேள்வி கேக்கலாம். அதுதானே நம்ம வழக்கம்? அந்தக் கம்பெனியையும் கூப்பிடுவோம்."

"என்ன மேடம், கல்யாணத்துக்குக் கூப்பிடற மாதிரி சொல்றீங்க!"

"கல்யாணத்துல கேள்வி கேக்க முடியாது சார். இங்க கேக்கலாம். வந்து கேக்கட்டும்."

இங்க எத்தனையோ பேரு பப்ளிக் வைவா, அதான் பொது வாய்மொழித் தேர்வு, பாத்திருப்பீங்க. யாரு வருவா? கூடப் படிக்கற நாலு பேரு வருவாங்க. ரெண்டு பேரு பின்னால தூங்குவாங்க. முடிஞ்சதும் எல்லாருக்கும் சமோசா, காபி... சிரிக்கறீங்கல்ல? அப்ப உண்மைதான்!

அன்னைக்கு அப்படி இல்ல. செம்மணற்குடியே வந்து ஹால்ல நிக்குது. முன்வரிசையில கம்பெனி வக்கீல். அவரு பக்கத்துல, கம்பெனியே கூட்டிட்டு வந்த நிபுணர், டாக்டர் கோதண்டபாணி. தண்ணி ஆராய்ச்சியில பெரிய ஆளு. அவர விட்டு நாலு கேள்வி கேட்டா அந்தப் பொண்ணு உடைஞ்சு போயிரும்னு கம்பெனி கணக்கு.

அவரு எந்திரிச்சாரு.

"ஏம்மா, கிழக்குப் பக்கம் ஒரு கிணறு. கடல ஒட்டி இருக்கு. அதுல இருக்கறது சாயக்கழிவோட உப்புன்னு எழுதியிருக்க. ஏன், அது கடலோட உப்பா இருக்கக் கூடாதா?"

ஜெசிந்தா தன்னோட ஆய்வேட்ட எடுத்துச்சு. தாள் எல்லாம் புரட்டிப் பாத்துச்சு. அப்பறம் தலை நிமிந்து சொல்லுச்சு.

"இருக்கலாம் ஐயா. அந்த ஒரு கிணத்துல நீங்க சொல்றது சரியா இருக்கலாம். நான் மறுபடி பாக்கணும். ஆனா மத்த கிணறெல்லாம் மேட்டுல இருக்கு. அங்க கடல் ஏறி வரல ஐயா."

அவ்வளவுதான்! வக்கீல் துள்ளிக் குதிச்சு எந்திரிச்சாரு. "ஒத்துக்கிட்டாங்க! தப்புன்னு அவங்க வாயாலயே ஒத்துக்கிட்டாங்க! பதிவு பண்ணுங்க!"

கோதண்டபாணி திரும்பி ஒரு பார்வை பாத்தாரு. "சார்... உக்காருங்க. நான் சந்தேகம் கேட்டேன். அந்தப் பொண்ணு நேர்மையா பதில் சொல்லிருச்சு. ஆய்வேட்ட வரிக்கு வரி படிச்சுட்டுத்தான் வந்திருக்கேன், மத்த கிணத்துல எல்லாம் சாயக்கழிவுதான். உங்க கம்பெனிக்கும் அதையேதான் நான் சொல்லப் போறேன்."

ஹால் அதிர்ந்து போச்சு!

அதோட விட்டாரா? இல்ல. ஜெசிந்தாவோட அந்தக் கிழக்குக் கிணத்துக்கே போனாரு. ரெண்டு பேரும் சேந்து தண்ணி எடுத்தாங்க, சோதிச்சாங்க. அது கடல் உப்புதான்! அந்தப் பொண்ணு அதையும் ஆய்வேட்டுல திருத்தி எழுதுச்சு. ஊர்ப் பேரோடயே பட்டமும் வாங்குச்சு. கம்பெனி வழக்குப் போடாம விடல, போட்டுச்சு. இன்னும் நடக்குது. ஆனா அன்னைக்கு ஹால்ல இதெல்லாம் நேர்ல பாத்த துணைவேந்தரு, இப்ப வாய்தாவுக்கு வாய்தா தானே போய் நிக்கறாரு. "என் பல்கலைக்கழகத்து ஆய்வு, நான்தான் பதில் சொல்லணும்"கறாரு. செம்மணற்குடிக்குக் குடிதண்ணி லாரியும் வருது.

இத எதுக்குச் சொல்றேன்? ஆராய்ச்சி பண்றவங்க தப்பே பண்ண மாட்டாங்கன்னு சொல்லவா? கிடையாது! ஜெசிந்தா பண்ணுச்சே ஒரு தப்பு! அந்தத் தப்பக் கண்டுபிடிச்சது எது? நோட்டீஸா? மிரட்டலா? ஒரு கேள்வி ஐயா... பயமில்லாம கேட்ட ஒரு கேள்வி, பயமில்லாம சொன்ன ஒரு பதில். கல்விச் சுதந்திரம்னு நாம தொண்டை கிழியக் கத்தறமே, அது இவ்வளவுதான்.

நாளைக்கு உங்க கல்லூரிக்கும் ஒரு நோட்டீஸ் வரலாம். வந்தா கதவச் சாத்திக்காதீங்க. ஊர்ப் பேர அழிக்காதீங்க. அனுப்புனவங்களுக்கே முன்வரிசையில ஒரு நாற்காலி போட்டு, "வாங்க, உக்காருங்க, கேளுங்க"ன்னு சொல்லுங்க. அவங்க கூட்டிட்டு வர்ற ஆளுகள்லயும் உண்மைய மதிக்கற ஒருத்தர் இருப்பாரு. எனக்கு அந்த நம்பிக்கை இருக்கு... உங்களுக்கு?