ரசம் இல்லாத தாளிப்பு

புது ஷூவை வேலையில் சேரும் நாளன்று முதன்முதலாகப் போட்டுக்கொண்டு போகக் கூடாது. குதிகால் தோல் உரிந்துவிடும். சில வாரங்கள் முன்பிருந்தே வீட்டுக்குள் போட்டு நடந்து பழக வேண்டும். நம் வீடுகளில் செருப்பு வாசலோடு நின்றுவிடுவதால், நான் மாடியில் என் அறைக்குள் பழைய போர்வை ஒன்றை விரித்து அதன் மேல் மட்டும் நடந்தேன். கீழே கவினுக்குச் சத்தம் கேட்டிருக்கிறது. "மேல என்னடா குதிரை வளக்கறியா?" என்று கேட்டான். அவன் கேட்டதில் தப்பில்லை. நான் எதையும் இப்படித்தான் செய்வேன். முன்கூட்டியே, கொஞ்சம் கொஞ்சமாக, எங்கே தவறிவிடுமோ என்ற பயத்தோடு.

என் பெயர் அகிலன். சொந்த ஊர் கோபி. கவின் பொள்ளாச்சிக்காரன். நியூ ஜெர்சியில் மான்மவுத் ஜங்ஷனில், நஞ்சப்பன் அங்கிளுக்குச் சொந்தமான ஒரு டவுன்ஹவுஸை நாங்கள் இருவரும் வாடகைக்கு எடுத்திருந்தோம். பகலில் எனக்கு ஓர் இன்சூரன்ஸ் கம்பெனியில் சாப்ட்வேர் டெஸ்டிங் வேலை. மாலையில் எம்.பி.ஏ. வகுப்பு. கவினும் அதே வகுப்புதான். ஒரே கன்சல்டிங் நிறுவனத்துக்கு இருவரும் விண்ணப்பித்தோம். கடைசிச் சுற்றில் அவனை வேண்டாம் என்றார்கள். அடுத்து என்னை அதே சுற்றுக்குக் கூப்பிட்டார்கள்.

அந்த நேர்காணல்களில் படித்ததை அதிகம் கேட்கமாட்டார்கள். ஏதாவது ஒரு நிறுவனத்தின் சிக்கலைச் சொல்லி, எப்படித் தீர்ப்பாய் என்பார்கள். அதைக் கிளை கிளையாகப் பிரிக்க வேண்டும். ஒரு கிளை இன்னொன்றின் மேல் ஏறக் கூடாது. எதுவும் விட்டுப்போகவும் கூடாது. பிறகு எந்தக் கிளையில் விடை இருக்கிறது என்று துணிந்து சொல்ல வேண்டும். பிரிப்பது எனக்கு நன்றாக வரும். துணிவதுதான் வராது.

நேர்காணல் வீடியோவில் நடந்தது. நான் பயந்துபோயிருந்ததைப் பார்த்துவிட்டு, கேமராவில் விழாதபடி லேப்டாப்புக்குப் பின்னால் ஒரு நாற்காலியைப் போட்டுக் கவின் உட்கார்ந்தான். "சும்மா என்ற மூஞ்சியப் பாத்துப் பேசு. அவங்களும் மனுசங்கதான்டா" என்றான். ஒரு ஷாப்பிங் மாலுக்கு வருகிறவர்கள் குறைந்துகொண்டே போகிறார்கள், ஏன் என்பது கேள்வி. விலை, கடைகள், போட்டி, ஆன்லைன் என்று அடுக்கிக்கொண்டே போய், ஓர் இடத்தில் எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. கேள்வி கேட்டவர் காத்திருந்தார். மளிகை எழுதும் வெள்ளைப் பலகையைக் கவின் தூக்கிக் காட்டினான். 'பார்க்கிங்' என்று எழுதியிருந்தான். நான் பார்க்கிங் என்றேன். அவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். அதன் பிறகு அவர் கேட்டதற்கெல்லாம் நானேதான் பதில் சொன்னேன். இதை நீங்கள் மறந்துவிடக் கூடாது.

வேலை கிடைத்தது. தனக்குக் கிடைத்ததைப் போலக் கவின் மகிழ்ந்தான். இந்தியக் கடைகள் இருக்கும் எடிசன் வரை போய் மைசூர்பாகு வாங்கி வந்தான். ஆபர் கடிதத்தை நான் நிதானமாகப் படித்தேன். நேர்காணலில் பிறர் உதவியைப் பெற்றது எந்தக் காலத்தில் தெரியவந்தாலும் வேலை போகும் என்று அதில் ஒரு வரி இருந்தது. இந்த நாட்டில் வேலை போனால் விசாவும் போகும். விசா போனால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். அந்த வரியைக் கவினிடம் காட்டினேன்.

"நீ சொன்னாத்தான்டா தெரியும். என்ற வாயில இருந்து வராது" என்றான்.

ஆனால் அன்றிலிருந்து என்னைப் பார்க்கிங் என்று கூப்பிட ஆரம்பித்தான். "பார்க்கிங், பால் தீந்துருச்சு." "பார்க்கிங் சார், ஆபீஸ்ல ஏதாச்சும் கேட்டா ரெஸ்ட்ரூம் போறேன்னு சொல்லீட்டு எனக்குப் போன் பண்ணுங்க." நானும் சிரித்தேன். சிரித்துவிட்டு மாடிக்குப் போய் ஆபர் கடிதத்தின் அந்த வரியை மறுபடி படிப்பேன்.

டிசம்பரில் ஒரு சனிக்கிழமை நஞ்சப்பன் அங்கிள் வீட்டில் மதிய விருந்து. ஊர்க்காரர்கள் பலர் வந்திருந்தார்கள். அவர்களில் ஒருவருக்கு நான் சேரப்போகும் நிறுவனத்திலேயே வேலை. கவின் தட்டும் கையுமாக, "பார்க்கிங், அந்தத் தயிர் வடைய இங்க தள்ளு" என்றான்.

"அதென்ன கண்ணு, பார்க்கிங்கு?" என்று அங்கிள் கேட்டார்.

கவின் என்னைப் பார்த்துக் கண்ணடித்தான். "அது பெரிய கதைங்க அங்கிள். ஒரு நாளைக்குச் சாவகாசமாச் சொல்றேனுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். அந்த நிறுவனத்துக்காரரும் சிரித்தார். என் கையில் இருந்த தட்டை மேசையில் வைத்தேன். ஒரு நாளைக்கு என்று அவன் சொன்னதைத்தான் வீடு வரும் வரை நினைத்துக்கொண்டிருந்தேன். அது எந்த நாள் என்று எனக்குத் தெரியாது. அவனுக்கும் தெரியாது.

இனி அலாரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்த ஊரில் நம் ஆட்கள் குடியிருக்கும் வீடுகளில் யாரும் சொல்லிக்கொடுக்காமலே கற்றுக்கொள்ளும் காரியம் ஒன்று உண்டு. எண்ணெய் காய்ந்து மிளகாய் கிள்ளிப் போட்டால் கூரையில் இருக்கும் புகை அலாரம் அலறும். அதனால் தாளிப்பதற்கு முன் நாற்காலி மேல் ஏறி அதைத் திருகிக் கழற்றி, பேட்டரியை உருவி, பிரிட்ஜ் மேல் வைத்துவிடுவார்கள். சாப்பிட்டு முடித்ததும் மாட்ட வேண்டும். பாதி நாள் மறந்துபோகும். எங்கள் வீட்டிலும் கழற்றித்தான் தாளிப்போம். சமையல் கவினுடையது, கழற்றி மாட்டுவது என்னுடையது. நான் மறந்ததில்லை.

அதன் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் எழுதியிருப்பதை எங்களில் படித்தவன் நான்தான். புகை என்றால் மும்மூன்றாக ஒலிக்கும். கார்பன் மோனாக்சைடு என்றால் நான்கு நான்காக ஒலிக்கும். அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. ஹீட்டர் சரியாக எரியாவிட்டால் வரும். தூங்குகிறவர் எழுந்திருக்கமாட்டார். எங்கள் ஹீட்டர் கீழ்த்தளத்தில் கவினின் அறையை ஒட்டிய சின்ன அறையில் இருந்தது. கொஞ்ச நாளாக அதில் சுடர் மஞ்சளாக எரிந்தது. அங்கிளிடம் சொன்னேன். "அடுத்த வாரம் ஆள் அனுப்பறேன் கண்ணு. லீவு நாள்ல கூப்பிட்டா காசத் தீட்டீருவானுக" என்றார்.

விருந்துக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. கவினுக்குச் சளி. காலையில் மாத்திரை போட்டுக்கொண்டு, "எந்திரிச்சு ரசம் வெக்கறேன்டா" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திப் படுத்தான். நான் மாடியில் ஷூவோடு நடந்துகொண்டிருந்தேன். முற்பகலில் அலாரம் அடித்தது. ஷூவைக் கழற்றி வைத்துவிட்டுக் கீழே வந்தேன். அடுப்பில் எதுவும் இல்லை. அலாரம் நான்கு நான்காக ஒலித்தது.

அதன் அடியில் நின்று யோசித்தேன். படித்த முறைப்படிதான் யோசித்தேன். கவினை எழுப்பினால் என்ன ஆகும், எழுப்பாவிட்டால் என்ன ஆகும். எழுப்பினால் அவன் பிழைப்பான், நன்றியோடு இருப்பான், இந்தக் கதையையும் எல்லோரிடமும் சொல்வான், பார்க்கிங் கதையும் அவனிடமே இருக்கும். எழுப்பாவிட்டால், நான் எதையும் உண்டாக்கியவன் ஆகமாட்டேன். ஹீட்டரை நான் கெடுக்கவில்லை. மாத்திரையை நான் கொடுக்கவில்லை. இரண்டு கிளைகளும் ஒன்றின் மேல் ஒன்று ஏறவில்லை. எதுவும் விட்டுப்போகவும் இல்லை.

நாற்காலியைப் போட்டு அலாரத்தைக் கழற்றினேன். பேட்டரியை உருவினேன். வழக்கம்போல பிரிட்ஜ் மேல் வைத்தேன். அது எதற்காக அங்கே இருக்கிறது என்று யாராவது கேட்பார்கள் அல்லவா? அதனால் தாளிக்கும் கரண்டியில் எண்ணெய் ஊற்றி அடுப்பில் வைத்தேன். இரண்டு தக்காளியை எடுத்துப் பலகை மேல் வைத்தேன். கடுகு வெடித்தது. மிளகாய் கருகி எனக்குத் தும்மல் வந்தது.

உள்ளேயிருந்து கவினின் குரல் கேட்டது. தூக்கக் குரல்.

"அகிலா, ரசமாடா?"

"ஆமாடா. தூங்கு. ஆனதும் எழுப்பறேன்."

"பூண்டு நெறையாத் தட்டிப் போடு."

"சரி" என்றேன்.

பூண்டைத் தட்டிப் போட்டேன். ஏன் போட்டேன் என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை. அவன் கேட்டான் என்பதற்காகத்தான் இருக்க வேண்டும். வீடு முழுக்க வாசனை பரவியது. அடுப்பை அணைத்தேன். எனக்கும் நெற்றி கனக்கத் தொடங்கியிருந்தது. புதிதாக வாங்கிய பேன்ட்டுகளுக்கு உயரம் குறைக்க வேண்டியிருந்தது. அவற்றை எடுத்துக்கொண்டு காரில் மாலுக்குப் போனேன். தைப்பவர் எந்த ஷூ போடுவீர்கள் என்று கேட்டார். கறுப்பு என்றேன்.

வெளிச்சம் குறையும்போது திரும்பி வந்தேன். அவசர உதவிக்கு 911ஐக் கூப்பிட்டதும் நான்தான். கவினைக் கையைப் பிடித்து வாசல் வரை இழுத்து வந்ததும் நான்தான். அவன் மூச்சு இருந்தது. அதை நான் எதிர்பார்க்கவில்லை. ஜன்னல் ஒன்று சரியாக மூடாமல் இருந்ததாம். நான் எல்லாவற்றையும் சரிபார்க்கிறவன். அவன் அறை ஜன்னலைப் பார்க்கவில்லை.

தீயணைப்பு வீரர்களில் ஒருவர் அலாரம் எங்கே என்று கேட்டார். நான் பிரிட்ஜைக் காட்டினேன். காலையிலேயே வெளியே போய்விட்டேன், அவனே சமைக்க எழுந்து, முடியாமல் மறுபடி படுத்திருப்பான் என்றேன். கரண்டியையும் தக்காளியையும் பார்த்து அவர் தலையை ஆட்டினார். நஞ்சப்பன் அங்கிள் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். "நம்ம சனம் எல்லாருமே கழட்டறாங்க. எங்கூட்டு ஆண்ட்டியே கழட்டித்தான் வெப்பா. நான் என்னத்தச் சொல்ல" என்றார். ஹீட்டரைப் பற்றி அவர் பேசவில்லை. நானும் பேசவில்லை. விபத்து என்று எழுதிக்கொண்டார்கள்.

நிறுவனத்துக்குத் தகவல் சொன்னதும் சேரும் நாளைத் தள்ளிவைத்தார்கள். நண்பனுக்காக நான் நிற்பதைப் பாராட்டி ஒருவர் எனக்கு மின்னஞ்சல் அனுப்பினார்.

கவினின் அம்மா சாந்தாமணி பொள்ளாச்சியிலிருந்து வந்தார். விமான நிலையத்தில் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "நீ அன்னிக்கு வராமப் போயிருந்தா என்ற பையனை நான் பொட்டியிலதான் பாத்திருப்பேன் சாமி" என்றார். நான் தினமும் ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஒரு நாளும் தவறவில்லை. நான் இல்லாத நேரத்தில் அவன் கண் திறந்துவிடக் கூடாது என்பதுதான் எனக்கு இருந்த ஒரே பயம்.

நான் பக்கத்தில் இருக்கும்போதே திறந்தான். பேச்சு மெதுவாக வந்தது. அம்மாவை அடையாளம் தெரிந்தது. என்னைப் பார்த்து ஒரு பக்கமாகச் சிரித்தான். எம்.பி.ஏ. வகுப்பு நினைவில் இல்லை. நேர்காணலும் இல்லை. நான் பார்க்கிங் என்று சொல்லிப் பார்த்தேன். வெறுமனே என்னைப் பார்த்தான். நினைவு துண்டு துண்டாகத் திரும்பலாம், எந்தத் துண்டு முதலில் வரும் என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர்.

போன வாரம் ஒரு துண்டு வந்தது. கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தபோது கவின் தலையைத் திருப்பினான்.

"யாரோ... தாளிச்சாங்கடா."

"யாருடா?" என்று கேட்டேன்.

"தெரீல. பூண்டு... போடச் சொன்னேன்."

அவன் அம்மா கிண்ணத்தை வைத்துவிட்டுச் சிரித்தார். கண்ணில் தண்ணீர். "பாத்தியா கண்ணு, ரசம் கேக்கறான்! சின்னதுல இருந்து காச்சல் வந்தா இவனுக்குப் பூண்டு ரசந்தான். ஊருக்குக் கூட்டீட்டுப் போயி நாலு நாள் வெச்சுக் குடுத்தாச் செரியாப் போயிரும்."

யாரோ என்பதிலிருந்து யார் என்பதற்கு அதிக தூரம் இல்லை. பொள்ளாச்சியில் அவனுக்கு அது நினைவு வந்தால் முதலில் யாரிடம் சொல்வான் என்று தெரியாது. இங்கே என்றால் என்னிடம்தான் சொல்வான்.

அன்று மாலை ஆஸ்பத்திரி கேன்டீனில் அம்மாவை உட்கார வைத்துப் பேசினேன். சிகிச்சை, பயணம், பார்த்துக்கொள்ள ஆள் என்று பிரித்துக்கொண்டேன். இவ்வளவு நேரம் விமானத்தில் போவது மூளைக்கு நல்லதல்ல என்றேன். பேச்சுப் பயிற்சி இங்கே பாதியில் இருக்கிறது என்றேன். அவன் அப்பாவும் தோட்டமும் அங்கே தனியாகக் கிடப்பதை நினைவுபடுத்தினேன். "அவன் இங்கயே இருக்கட்டுங்கம்மா. என்ற ரூமுக்குப் பக்கத்து ரூம்ல படுக்க வெச்சுக்கறேன். நான் வேலைக்குப் போற நேரத்துக்கு நர்ஸ் வரட்டும். மத்த நேரமெல்லாம் நான் பாத்துக்கறேனுங்க" என்று துணிந்து சொன்னேன். குரல் நடுங்கவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு முடிவை நானே எடுத்துச் சொன்னேன், எதிரே இருந்தவர் அதை ஏற்றுக்கொண்டார்.

"பெத்த வயிறு கேக்கல சாமி. ஆனா நீ சொன்னா செரி" என்றார்.

அம்மாவுக்கு இந்த வாரக் கடைசியில் விமானம். கவினை நாளை மறுநாள் வீட்டுக்கு அனுப்புகிறார்கள். திங்கட்கிழமை நான் வேலையில் சேர்கிறேன். இந்த வேலையில் மற்றவர்களைப் போல ஊர் ஊராகப் போக வேண்டாம், பக்கத்திலேயே ஒரு வேலையைத் தருகிறோம் என்று நிறுவனமும் சொல்லிவிட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவன் எழுந்திருக்கக் கூடாது என்றுதான் நான் நினைத்தேன். அதை உங்களிடம் மறைக்கவில்லை. அவனை ஏமாற்றித் தூங்க வைத்தேன், சாகட்டும் என்று விட்டுவிட்டுப் போனேன். ஆனால் அது பயத்தில் செய்தது. இப்போது அவனை என்னோடு வைத்துக்கொள்வதும் பயத்தில்தான் என்று நீங்கள் நினைத்தால், என்னை நீங்கள் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை. அவனால் இன்னும் சட்டைப் பொத்தான்கூடப் போட முடியவில்லை. இரவில் தண்ணீர் வேண்டுமென்றாலும் என் பெயரைத்தான் சொல்கிறான். இந்த ஊரில் அவனுக்கு என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?