அந்தப் பக்கம் வந்தா வீட்டுக்கு வாங்க

குடை இல்ல சார். பர்ஸும் இல்ல. காணாமப் போனது ஆளு, அதான் போலீஸ்கிட்ட வந்தேன். நீங்க அந்தக் குடையெல்லாம் திரும்ப உள்ள வச்சிடுங்க, அதுல ஒண்ணும் எங்களோடது கிடையாது.

பேரு நோமின். என் வயசுதான். ஊரு உலான்பாதர். மங்கோலியா சார். ஆமா, சுமோ பயில்வானெல்லாம் வர்ற நாடுதான். இல்ல, இவ ஒல்லி. எங்கப்பாவும் மொத நாள் இதையேதான் கேட்டார்.

என் பேரா? ஒயமாடா மினோரி. யூனிவர்சிட்டியில மூணாவது வருஷம். பாலத்துக்கு அந்தாண்ட, சலவைக் கடைக்குப் பின்னாடி வீடு. அப்பாவ நீங்க பாத்திருப்பீங்க, நகராட்சியில குடியிருப்புப் பதிவு கவுண்டர்ல இருக்கார். அவரேதான், தலை நிமிராமலே முத்திரை குத்துவாரே, அவர்.

காலையில இருந்து காணோம். நாங்க எந்திரிச்சப்பவே இல்ல. மெத்தைய மடிச்சு, அதுமேல போர்வைய மடிச்சு, எல்லாத்தையும் ஒழுங்கா வச்சிட்டுப் போயிருக்கா. போன் ஆஃப். இந்தப் பனியில பஸ் ஓடல. ரயிலும் மத்தியானத்துக்கு மேலதான்னு ஸ்டேஷன்ல எழுதிப் போட்டிருக்காங்க. சூட்கேஸ இழுத்துக்கிட்டு எந்தப் பக்கம் போனான்னே தெரியல. சென்டாயில மேல்படிப்புக்குச் சேந்திருக்கா, ஆனா அந்த ஹாஸ்டல் ஏப்ரல்லதான் தொறப்பாங்க. இப்ப பிப்ரவரி. இந்த நாட்டுல எங்க வீட்ட விட்டா அவளுக்கு வேற வாசல் கிடையாது சார்.

விசாவா? இருக்கு. குடியிருப்பு அட்டையும் இருக்கு. அப்பா ரெண்டு தடவை வாங்கிப் பாத்துட்டார், தொழில் புத்தி. இல்ல சார், எதையும் எடுத்துட்டுப் போகல. விட்டுட்டுத்தான் போயிருக்கா. ஒரு பை நெறைய காஞ்ச தயிர்க்கட்டி. கல்லு மாதிரி இருக்கும். மொத நாளு ஒண்ணக் கடிச்சுப் பாத்துட்டு எங்கம்மா பல் டாக்டர்கிட்ட போனாங்க. ஆனா அவகிட்ட பிரமாதம்னு சொல்லிட்டாங்க. அதனால ஊர்ல இருந்து இன்னொரு பை வரவழைச்சா. அந்தப் பைதான் இது.

சண்டையா? எங்க வீட்டுலயா? சண்டை போடுற அளவுக்கு எங்க வீட்டுல யாரும் பேச மாட்டாங்க சார்.

எப்படிப் பழக்கம்னா... எங்க யூனிவர்சிட்டியில ஆன்லைன்ல மொழிப் பரிமாற்றம்னு ஒரு வகுப்பு. திரைக்கு அந்தப் பக்கம் அவ ஊர்ப் பசங்க, இந்தப் பக்கம் நாங்க. பாதி நேரம் அவங்க நம்ம பாஷையில பேசணும், மீதி நேரம் நாங்க அவங்க பாஷையில பேசணும். எங்களுக்கு அந்தப் பாதி நேரம் ரொம்ப நீளம். வாரத்துக்கு ஒரு தலைப்பு குடுப்பாங்க. சாப்பாடு, கல்யாணம், இப்படி. ஒரு வாரம் தலைப்பு, வெளிநாட்டுக்காரங்க நம்ம நாட்டுல வந்து குடியேறலாமா. அன்னிக்கு எங்க பக்கம் எல்லாரும் ஒரே பதிலச் சொன்னோம். இது ரொம்பக் கஷ்டமான கேள்வி, ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கு, ஆழமா யோசிக்கணும். வாத்தியார் நல்லா தலையாட்டினார். அப்ப இந்த நோமின் கேக்குறா, நாட்ட விடு மினோரி, நான் வந்தா நீ உன் வீட்டுக் கதவத் தொறப்பியான்னு.

நீங்க என்ன சார் சொல்லியிருப்பீங்க? அதையேதான் நானும் சொன்னேன். ஐயோ, அதுக்கென்ன, அந்தப் பக்கம் வந்தா கண்டிப்பா வீட்டுக்கு வாங்க.

சிரிக்காதீங்க. உங்க வீட்டுலயும் புது வருஷ அட்டையில இத எழுதித்தானே அனுப்புறீங்க? யாராச்சும் வந்திருக்காங்களா? எங்க பெரியம்மா வருஷா வருஷம் எழுதுறாங்க, அவசியம் வாங்க, அவசியம் வாங்கன்னு. அவங்க வீட்டு வாசல் எந்தப் பக்கம் இருக்குன்னுகூட எனக்குத் தெரியாது.

இவ வந்துட்டா.

அவங்க ஊர்ப் பக்கம் அப்படியாம் சார். மேய்ச்சல் காட்டுல யார் கூடாரமா இருந்தாலும் நேரா உள்ள போய் உக்காந்துக்கலாமாம். வீட்டுக்காரங்க இல்லன்னா நாமளே டீ போட்டுக் குடிச்சிட்டுப் போலாமாம். சும்மா போற ஆளுக்கே அப்படின்னா, வாய் தொறந்து கூப்பிட்டவ வீட்டுக்கு வராம ஹோட்டல்ல தங்கினா அது எனக்கு எவ்வளவு பெரிய அவமானம்! அந்த அவமானம் எனக்கு வந்துடக் கூடாதுன்னுதான் வந்தேன்னா. அம்மா வாசல்லயே குனிஞ்சு, எத்தனை நாள் வேணா இருங்கன்னாங்க. அவளும் சரிம்மான்னுட்டா.

எங்க வீட்டுல குளியல் தொட்டியில மொதல்ல எறங்குறது அப்பாதான். விருந்தாளி வந்தா விருந்தாளி. ஒரு நாள் ரெண்டு நாள்னா பரவால்ல. இவ தினமும் மொதல்ல போவா. உள்ள பாட்டு வேற. அப்பா தோள்ல துண்டோட கூடத்துல நின்னுக்கிட்டு பேப்பர் படிப்பார். நிலம் விக்கிற விளம்பரம் வரைக்கும் படிச்சு முடிச்சிட்டார்.

ஒரு வாரம் பாத்துட்டு அம்மா என்னைய அடுப்படிக்குக் கூப்பிட்டாங்க. மனசு நோகாம நீ கொஞ்சம் எடுத்துச் சொல்லேன்னாங்க. அவங்களும் சொல்லிப் பாத்திருக்காங்க. சென்டாயில இப்ப பனியே இல்லியாமேன்னு இருக்காங்க. அதுக்கு அவ, ஆமாம்மா, நல்ல வேளை நான் இங்க வந்தேன், இங்கதான் பனி அழகுன்னு இருக்கா.

சரின்னு நான் பாடம் எடுத்தேன். திரையில எடுத்த வகுப்புதானே, அத மேசையில எடுக்குறேன், அவ்வளவுதான். தலைப்பு கலாசார வேறுபாடு. இங்க பாரு நோமின், இன்னொரு கப் டீ குடிக்கிறியான்னு கேட்டா கெளம்புன்னு அர்த்தம். பேசிக்கிட்டே இருந்ததுல நேரம் போனதே தெரியலன்னா கெளம்புன்னு அர்த்தம். இன்னும் கொஞ்ச நாள் இருந்துட்டுப் போலாமேன்னா, இன்னிக்கே கெளம்புன்னு அர்த்தம். அப்ப நீ பதிலுக்கு, இத்தன நாள் ரொம்பத் தொந்தரவு குடுத்துட்டேன்னு குனிஞ்சு சொல்லிட்டு, மறுநாள் சத்தம் காட்டாமப் போயிடணும். பாடத்துல தப்பு ஒண்ணும் இல்லியே சார்? இல்லல்ல?

விழுந்து விழுந்து சிரிச்சா. அப்புறம், நீ இப்ப என்னையக் கெளம்பச் சொல்றியான்னு நேராக் கேட்டுட்டா. ஐயய்யோ, பொதுவாச் சொன்னேன், உனக்கு இல்லன்னேன். அதையும் நம்பிட்டா. அன்னிக்குப் பாடம் இன்னும் முழுசா ஏறல.

ஆனா ஒரு கேள்வி கேட்டா சார். சரி, ஒருத்தர் நிஜமாவே இருக்கணும்னு உங்களுக்குத் தோணினா அப்ப என்ன சொல்லுவீங்க? யோசிச்சேன். ரொம்ப நேரம் யோசிச்சேன். அப்பவும் அதேதான் சொல்லுவோம்னேன். எப்படிப் பிரிச்சுத் தெரிஞ்சுக்கிறதுன்னா. அது தானாப் புரியும்னேன். எனக்கே புரியல.

அதுக்கப்புறம் என்ன ஆச்சுன்னா... எழுதுறீங்களா? இது எழுத வேண்டியதான்னு தெரியல. சாப்பிடும்போது எங்க வீட்டுல டிவி ஓடும். மூணு பேரும் அதப் பாத்துக்கிட்டே சாப்பிடுவோம், எனக்கு நெனவு தெரிஞ்ச நாளா அப்படித்தான். இவ ஒருநாள் எந்திரிச்சு அத அணைச்சிட்டா. அப்பாவோட சாப்பாட்டுக் குச்சி அந்தரத்துல நின்னுடுச்சு. அப்பா, இன்னிக்கு உங்க கவுண்டருக்கு யார் வந்தாங்கன்னு கேட்டா. நாங்க யாரும் கேட்டதே இல்ல சார். அவர் கொஞ்சம் இருமிட்டு, ஒருத்தன் ஒரே வாரத்துல ரெண்டாவது தடவை விலாசம் மாத்த வந்தான்னார். ஏனாம்னு கேட்டா. அவருக்குத் தெரியல. அடுத்த நாள் அவனுக்கே போன் பண்ணிக் கேட்டிருக்கார்! அது விதிமுறையில கெடையாது, நீங்க அத எழுதாதீங்க. கல்யாணம் பண்ணிக்கப் போற பொண்ணு வீட்டுக்குக் குடி போயிருக்கான், அவ நாய் இவன உள்ள விடலியாம். அப்பா அந்த நாய் மாதிரியே குரைச்சுக் காட்டினார். அம்மா சிரிச்ச சிரிப்புல சூப் மூக்குல ஏறிடுச்சு. அதுல இருந்து அப்பா பொழுது சாயறதுக்கு முன்னாடியே வீட்டுக்கு வந்துடறார். அம்மா நாலு பேருக்குன்னே அரிசி அளக்குறாங்க. எனக்கும், நேராச் சொல்லிடறேனே, எனக்கு அவ இருந்தது ரொம்பப் புடிச்சிருந்துது சார். எங்க வீடே அப்பதான் வீடா இருந்துச்சு.

கடைசியாப் பேசினது நேத்து சாப்பாட்டுல. அப்பா தொண்டையச் செருமிட்டு, ஏப்ரல் வரைக்கும் இங்கயே இருந்துடலாமேன்னார். அம்மா இன்னொரு கப் டீ ஊத்தினாங்க, அவசரமே இல்லம்மான்னாங்க. நானும், இன்னும் கொஞ்ச நாள் இருந்துட்டுப் போயேன்னேன்.

அவ எங்க மூணு பேரையும் மாத்தி மாத்திப் பாத்தா. அப்புறம் கைய முன்னாடி ஊனிக் குனிஞ்சு, இத்தன நாள் ரொம்பத் தொந்தரவு குடுத்துட்டேன்னா. அவ்வளவு சுத்தமாச் சொன்னா சார். எவ்வளவு அடக்கமாப் பேசக் கத்துக்கிட்டா பாருன்னு நாங்க மூணு பேரும் பூரிச்சுப் போய்ப் படுக்கப் போனோம்.

ஆமா சார். நேத்து நாங்க நிஜமாத்தான் சொன்னோம்.

அப்பா பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போயிருக்கார், அம்மா ஆத்தங்கரைப் பக்கம். நீங்க ரோந்து வண்டியில நெடுஞ்சாலைப் பக்கம் போனா, செகப்புக் கம்பளிக் கோட்டு, பெரிய சூட்கேஸ். அவள நிறுத்தி, வீட்டுல எல்லாரும் உன்னைய வரச் சொன்னாங்கன்னு மட்டும் தயவுசெஞ்சு சொல்லிடாதீங்க. இன்னும் வேகமா நடந்துடுவா. நீங்க ஒண்ணும் பேசாதீங்க சார். சூட்கேஸப் புடுங்கி வண்டியில போட்டுட்டு வந்துடுங்க.