அறுத்து ஒட்டிய சைக்கிள்

பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகும் பஸ்ஸில், என் முன் சீட்டில் இருந்த பெண் பக்கத்துத் தோழியிடம் சொன்னாள்:

“எங்க வூட்டுக்காரரு சைக்கிள ரெண்டா அறுத்துட்டேன்டி.”

அதற்குமேல் நான் ஜன்னல் பக்கம் திரும்பவே இல்லை.

“ஐயய்யோ, சண்டையா?”

“சண்டையெல்லாம் இல்ல. இடுப்பு ஆபரேஷனுக்கு அப்புறம் அவரால குனிய முடியல. வூட்ட விட்டு வெளிய வரவே மாட்டேங்கறாரு. அதான் வெல்டிங் பட்டறையில குடுத்து, முன்பக்கத்த நீளமாக்கி, ஹேண்டில நெஞ்சு ஒசரத்துக்குத் தூக்கி, சீட்டத் தாழ எறக்கிட்டேன். சாஞ்சுக்கிட்டே ஓட்டலாம், ரெண்டு காலும் தரையில படும். பெயிண்ட் மட்டும் நானே அடிச்சேன்.”

“என்ன கலரு?”

“ரோஸு.”

“ஏன்டி, ஆம்பள ரோஸ் சைக்கிள்ல போவாரா?”

“அவரும் அதத்தான் கேட்டாரு. கருப்பு வேணும்னா டவுனுக்குப் போயி நீங்களே வாங்கிட்டு வாங்கன்னுட்டேன். போறதுன்னா அதுல ஏறித்தான போவணும்? வேணும்னேதான் ரோஸு அடிச்சேன்.”

தோழி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

“போனாரா?”

“நேத்துக் காலையில போனவரு மத்தியானம்தான் வந்தாரு. டவுனையும் தாண்டி கல்லங்குறிச்சி வரைக்கும் ஓட்டிட்டு வந்திருக்காரு. பெயிண்ட் வாங்க மறந்துட்டாராம்.”