ஒரு கிலோ மைசூர்பா

...இல்ல வினோதா, நீயே சொல்லு, நாயமா இது? அந்த கியர் கம்பெனிலயே ஒழச்சு ஒழச்சு தேஞ்ச மனுசன் எங்க வீட்டுக்காரரு. இப்ப மெஷினையெல்லாம் கழட்டி லாரில ஏத்திட்டு, வந்தா குஜராத்துக்கு வா, இல்லன்னா கணக்க முடிச்சிக்கோன்றான்! ஓசூர விட்டு எங்கம்மா போறது?

என்ன, தண்ணி எப்ப விடுவாங்கன்னுதானே கேட்ட? இரு, வரேன் அதுக்கு.

எவனோ பெரிய கம்பெனிக்காரன் வாங்கிட்டான். அவனுக்கு மெஷினு வேணும், பாகலூர் ரோட்டு எடம் வேணும். ஆளுங்க மட்டும் வேணாமாம். ஷேரு வெச்சிருக்கறவனுங்க பூரா சரின்னுட்டானுங்களாம். வெளங்குவானுங்களா அவனுங்க?

எனக்கு முன்னமே தெரியும்மா. வருசா வருசம் ஆயுத பூஜைக்கு கம்பெனில குடுக்கறது கால் கிலோ பூந்தி, அதும் எண்ணெ நாத்தம். இந்த வாட்டி ஒரு கிலோ நெய் மைசூர்பா! கம்பெனி கக்கூசுக்கு புது டைல்ஸு! அந்த கஞ்சப்பய மொதலாளி இவ்ளோ செலவு பண்றான்னா, யாரோ வெலைக்கு பாக்க வராங்கன்னுதானே அர்த்தம்? இவரு மைசூர்பாவ தின்னுட்டு தூங்கிட்டாரு. நான் போன எடுத்தேன்.

யூடியூப்ல ஒருத்தன் சொல்லுவான், சல்லிசா கெடக்கற கம்பெனியா பாரு, எடத்தோட வெலையே மொத்த ஷேரு வெலைய விட ஜாஸ்தி இருக்கணும், பெரியவன் வந்து முழுங்கறப்ப வெல ஏறும்னு. சீட்டு எடுத்த பணத்த பூரா இவரு கம்பெனி ஷேர்லயே போட்டேன்... ஏறுச்சும்மா! மூணு மடங்கு! எங்க தர்ஷினிய நர்சிங்கு சேத்துரலாம்னு சாமிக்கு கற்பூரம் கூட ஏத்துனேன்.

அப்புறம் ஷேரு வெச்சிருக்கறவங்களையெல்லாம் போன்லயே ஓட்டு கேட்டான், கம்பெனிய வித்துரலாமா வேணாமான்னு. பத்தாவது ஃபெயிலு நானு, என்னைய மதிச்சு கேக்கறான்! சரின்னு அமுக்கிட்டேன். ஆளுங்கள வெளிய தள்ளுவான்னு எனக்கு என்னடி தெரியும்?

அய்யய்யோ, வண்டி சத்தம்! அவருதான். வாயத் தொறந்துராத, உனக்குப் புண்ணியமா போவும். ஏய், எங்க ஓடற? குடத்த விட்டுட்டுப் போற பாரு!

வாங்க, வாங்க... இப்பதான் அந்த ஷேர்க்காரனுங்கள திட்டிட்டிருந்தேன். என்னது? ஓட்டு போட்டது யாருன்னு கண்டுபிடிக்கணுமா? ஆமாமா, விடக்கூடாது. அதென்ன கைல டப்பா? கடைசி நாளுன்னு குடுத்தானா?

...மைசூர்பாவா?

எனக்கு வேணாங்க. நீங்க தின்னுங்க. எனக்கு எறங்காது.