ஒரு பைக்கு நாலு மாசமா?

— இழுக்காதீங்கன்னு சொல்றேன்ல! நீங்க இழுக்க இழுக்கப் பின்னல் நீளுது. அப்புறம் ஜிப்பு அலை அலையா நெளிஞ்சு நிக்கும்.

— நான் எங்கம்மா இழுத்தேன்? சும்மா பிடிச்சிட்டுத்தான் இருக்கேன். இத்தனை வருஷம் ஸ்டியரிங் பிடிச்ச கை இது.

— ஸ்டியரிங் மாதிரிதான் பிடிக்கிறீங்க. ரெண்டு விரல் போதும்.

— வண்டி பாக்க ஆள் வர்ற நேரம். இப்பப் போய் என்னைப் பையைப் பிடிக்கச் சொல்றே. நான் இருக்கிற இருப்புக்கு...

— வரட்டும். வந்தா கதவைத் தட்டுவாரு. அதுக்குள்ள இந்தப் பக்கம் தைச்சு முடிச்சிடலாம்.

— அப்படி என்ன தலை போற அவசரம்? ரெண்டு உள்ளங்கை அகலம்கூட இல்ல. இதை நாலு மாசமாப் பின்னிட்டிருக்கே. நாலு மாசத்துல நான் ஒரு இன்ஜினையே கழட்டி மாட்டியிருப்பேன்.

— மாட்டுவீங்க. மாட்டினப்புறம் கையில நாலு நட்டு மிச்சம் இருக்கும்.

— இதுல என்னதான் வைக்கப் போறே?

— அன்னாடம் வேணுங்கிறதுதான். சீப்பு, கைக்குட்டை, பேனா, கொஞ்சம் சில்லறை.

— பழைய பர்ஸ் இருக்கே.

— அதுக்கு ஜிப்பு கிடையாது. குனிஞ்சா எல்லாம் கொட்டும். ஆமா, கீழ போயிட்டு வந்தீங்களே, மகராசி என்ன சொல்றா?

— கிண்டல் பண்ணாதே. குளிப்பாட்டி, கண்ணாடி துடைச்சு, சீட்டெல்லாம் தூசி தட்டி நிறுத்தியிருக்கேன். பொண்ணைக் கட்டிக் குடுக்கிற மாதிரி இருக்கு.

— பொண்ணா? நான் இத்தனை நாளா அவளை உங்க மூத்த பொண்டாட்டின்னுல்ல நினைச்சிட்டிருந்தேன்! மழை வந்தா என்னை வாசல்ல நிக்க விட்டுட்டு அவளுக்கு ஓடிப் போய்ப் போர்வை போத்தினவராச்சே.

— உனக்குச் சிரிப்பு வருது. காலையில எந்திரிச்சு அவ இல்லாம நான் என்ன பண்ணுவேன்? நாலஞ்சு மாசம் முன்னாடி கண் டாக்டர் ஒரே வார்த்தையில சொல்லிட்டாரு, வலது பக்கம் பாதி தெரியல, இனி டாக்ஸி ஓட்டக் கூடாதுன்னு. அவருக்கு அது ஒரு வார்த்தை. எனக்கு அதுதான் சோறு.

— எனக்கும் சேத்துத்தான் சோறு. கூலிக்கு ஒரு டிரைவரைப் போடுங்கன்னு உங்க சிநேகிதர்கூடச் சொன்னாரே.

— எவனாவது வந்து கிளட்ச்சு மேலயே காலை வெச்சு ஓட்டுவான். ஆறே மாசத்துல அவளை ஒரு வழி பண்ணிடுவான். அதைக் கண்ணால பாக்கிறதுக்கு வித்துட்டே போயிடலாம்.

— கண்ணுதான் பாதி தெரியலன்னீங்களே.

— இந்த வாய் இருக்கே உனக்கு... சரி, பேச்சை மாத்தாதே. நானும் ஒரு வாரமாக் கேக்கணும்னு இருக்கேன்.

— தாராளமாக் கேளுங்க. விரலை நகத்துங்க, ஊசி ஏறிடும்.

— கடையில அந்தப் பின்னல் டீச்சரைப் பாத்தேன். “உங்க வீட்டம்மா ரெண்டே நாள்தான் வந்தாங்க, அப்புறம் ஆளையே காணோமே”ன்னாங்க.

— அந்தக் கத்தரியை இப்படி எடுங்க.

— என்ன, வண்டி ரூட்டு மாறுது? தினம் காலையில வகுப்புக்குன்னு நூல் உருண்டையைத் தூக்கிட்டுப் போனியே, எங்க போனே?

— பின்னத்தான் போனேன். பை இதோ கண்ணு முன்னாடி இருக்கே.

— எங்க உக்காந்து பின்னினே?

— ஒரு பெஞ்சுல. அந்த டீச்சர் வீட்டுல உக்காந்தா ஊர்க்கதையெல்லாம் முடிச்சிட்டுத்தான் ஊசியையே எடுப்பாங்க. எனக்கு அது சரிப்படல.

— எந்த பெஞ்சு? பார்க்லயா?

— இல்ல. அங்க ஏழெட்டுப் பேர் காத்துட்டிருப்போம். பேரைக் கூப்பிடற வரைக்கும் சும்மா இருப்பானேன்னு பின்னுவேன். கூட்டம் இருந்தா ரெண்டு வரிசை ஏறும். இல்லன்னா அரை வரிசைகூட ஓடாது. அதான் இவ்வளவு நாள்.

— பேரைக் கூப்பிடுவாங்களா? இரு. ஊசியைக் கீழ வை.

— ஏன்?

— வைன்னா வை. ஆஸ்பத்திரியா?

— ஐயோ, இல்லைங்க...

— மறைக்காதேம்மா. உனக்கு என்ன பண்ணுது? எனக்குத் தெரியாம, தனியாப் போய்த் தனியா உக்காந்து... நான் ஒரு மடையன், வண்டி வண்டின்னு அழுதுட்டிருந்திருக்கேன். இங்க பாரு, மகராசி போனாப் போறா. வித்து வர்றது மொத்தமும் உன் வைத்தியத்துக்குத்தான். நீ இல்லன்னா எனக்கு எதுவும் வேணாம்.

— கடைசியா ஒண்ணு சொன்னீங்களே, அதை இன்னொரு தடவை சொல்லுங்க.

— எதை?

— நான் இல்லன்னா எதுவும் வேணாம்னு. கல்யாணம் ஆனதிலேருந்து இந்த வீட்டுல கேக்காத சத்தமா இருக்கே!

— விளையாடாதேம்மா. கிளம்பு, இப்பவே டாக்டரைப் பாக்கலாம்.

— ஜிப்பை விட்டுட்டீங்களே! எனக்கு ஒரு நோயும் இல்ல. குத்துக்கல்லாட்டம் இருக்கேன். பயப்படாம பிடிங்க, இன்னும் நாலு தையல்தான்.

— சத்தியமா?

— சத்தியமா.

— அப்ப எதுக்குப் பேரைக் கூப்பிட்டாங்க?

— சொல்றேன், நூலை அறுத்துக்கறேன்... அவ்வளவுதான். பாருங்க, சர்ருன்னு திறக்குது, சர்ருன்னு மூடுது. சும்மா சொல்லக் கூடாது, பிடிக்கிறதுல நீங்க கெட்டிக்காரர்தான்.

— அதெல்லாம் இருக்கட்டும். முதல்ல நான் கேட்டதுக்கு... கதவைத் தட்டறாங்க.

— சார்! வண்டி பாக்க வரச் சொல்லியிருந்தீங்களே?

— வாங்க தம்பி, உள்ள வாங்க. வீட்டைக் கண்டுபிடிக்கச் சிரமமா இருந்துச்சா?

— இல்ல சார். பஸ் ஸ்டாண்டுலேருந்து நடந்தே வந்துட்டேன். திரும்பறப்ப வண்டியிலயே போயிடலாமேன்னுதான். கீழ பளபளன்னு நிக்குதே, அதானே?

— அதேதான். பாத்து ஓட்டுங்க தம்பி. அவளுக்கு ரெண்டாவது கியர்ல கொஞ்சம் ரோஷம் வரும், அதட்டாம மெதுவாப் போடணும்... ஏம்மா, சாவி எங்க? ஆணியிலதானே மாட்டினேன்?

— பையில போட்டு ஜிப்பை மூடிட்டேன்.

— எடு, எடு. வந்தவரை நிக்க வெச்சிட்டு விளையாடற நேரமா இது?

— தம்பி, கோவிச்சுக்காதீங்க, வண்டியை விக்கிறதா இல்ல. டிரைவிங் ஸ்கூல் பெஞ்சுல நாலு மாசம் தவம் கிடந்து லைசென்ஸ் வாங்கியாச்சு, அலைஞ்சதுக்கு உங்களை நானே பஸ் ஸ்டாண்டுல கொண்டு போய் விடறேன், பின்னாடி ஏறிக்குங்க... ஏங்க, வாயைப் பொளந்துட்டு நிக்காம செருப்பை மாட்டிட்டு வந்து என் பக்கத்து சீட்டுல உக்காருங்க, எனக்கு ஓட்டத்தான் தெரியும், வழியெல்லாம் உங்களுக்குத்தானே தெரியும்!