முல்லர் வீட்டு மாப்பிள்ளை

எனக்கு எழுபத்தெட்டு வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்து, சம்பந்திமாரை ஊர் ஊராக விசாரித்துக் கட்டிக் கொடுத்தவள் நான். நேற்று மெட்ரோவில் எனக்கு முன்னால் ஒரு தாயும் மகளும் இருந்தார்கள்.

“நீ கட்டப்போற பெடியன்ரை குடும்பப் பெயர் முல்லர் எண்டால் என்ன அர்த்தம்?”

“ஜெர்மன் பெயர் அம்மா. முந்தி மா அரைச்ச ஆக்கள்.”

“அது நல்ல தொழில்தான். தகப்பன் மூண்டு கலியாணம் கட்டினதெல்லோ பிரச்சினை. பெரியம்மா ஜெர்மனியில ஆள் வைச்சு விசாரிப்பா.”

“விசாரிக்கட்டும். அங்க ஆகக் கூடின சனத்துக்கு இந்தப் பெயர்தான். எந்த முல்லரெண்டு தேடுவா?”

“அப்பாடா! அப்ப மண்டபத்தைப் பிடி.”

விசாரித்தே பழகிய எனக்கும் நெஞ்சு இலேசாயிற்று. பேத்தி, நான் சொல்லச் சொல்ல நீ எழுதினதை ஒருக்கால் வாசி, கேட்போம்.