நூற்றுப் பன்னிரண்டு கால்தடங்கள்

— என்ன சிஸ்டர் இது, மனு பூரா காக்கா நடந்த மாதிரி இருக்கு?

— கையெழுத்து மேடம். கூரையில சோலார் வேணும்னா, அது யாருக்குத் தேவையோ அவங்ககிட்ட வாங்கிட்டு வாங்கன்னு சூப்பரின்டெண்ட் நீங்கதான சொன்னீங்க.

— நான் ஸ்டாஃபச் சொன்னேன். இது பொறந்த குழந்தைங்க கால். கேஸ் ஷீட்டுக்கு மை தடவி எடுக்குறது.

— ஆமா. இந்த மாசம் நூத்திப் பன்னெண்டு பேரு. அம்மாமாருகிட்ட கேட்டுட்டுத்தான் இன்னொரு தடவ எடுத்தேன். ஒருத்தன் மட்டும் எட்டி உதைச்சிட்டான். இந்தக் கறை அவன் வேலை.

— சிரிக்க வைக்காதீங்க. இருக்குற பணத்துல புது வாசல் வளைவுன்னு கமிட்டி முடிவு பண்ணியாச்சு, நான் கையெழுத்துப் போடணும், அவ்வளவுதான். நான் பொறந்த ஆஸ்பத்திரி, முகப்பாவது லட்சணமா இருக்கட்டுமே. கரண்டு போனா ஜெனரேட்டர் இருக்குல்ல?

— இருக்கு, டீசல் புகையக் கக்கிக்கிட்டு. வருஷா வருஷம் வெயில் ஏறுது, ஏத்துறதுல நம்ம பங்கும் இருக்கு. நீங்களும் நானும் போய்ச் சேந்துருவோம். இதுங்கதான் எண்பது வருஷம் அதுல வேகணும்.

— நம்ம ஒரு கூரைய மாத்திட்டா உலகத்துச் சூடு எறங்கிருமா?

— போன மாசம் கரண்டும் போயி, ஜெனரேட்டரும் மக்கர் பண்ணுச்சே. ரெண்டு மணி நேரம். மேற்கு வார்டுல ஒரு குழந்தைகூட வாடல. ஏன் மேடம்?

— சன்னலுக்கு வெளிய நிக்குற அந்த நாலு மரத்து நிழல். அன்னிக்கு அதுங்களக் கையெடுத்துக் கும்பிட்டேன், நிஜமா.

— நானும்தான். வெச்ச புண்ணியவதி யாருன்னு பழைய ரெஜிஸ்டர்ல தேடினேன். அப்போ இருந்த வார்டு சிஸ்டர். படிக்கிறேன், கேளுங்க. 'மேற்கு வெயில் குழந்தை மேல் விழுகிறது. இன்று நான்கு கன்றுகள் வைத்தோம். இவளுக்கு உதவாது, பின்னால் வருபவர்களுக்கு உதவும்.' அம்பத்தி மூணு வருஷம் ஆச்சு. கீழ ஒரு பிஞ்சுக் கால்.

— எழுதினவங்க பேரு?

— போட்டுக்கல.

— குழந்தை பேரு?

— அப்பல்லாம் அம்மா பேரு மட்டும்தான். இந்தாங்க, நீங்களே பாருங்க.

— என் கண்ணாடிய எடுங்க. இந்தத் தேதி... இந்த அம்மா பேரு...

— மேடம்? உக்காருங்க. தண்ணி கொண்டாரட்டா?

— பேனா கொண்டாங்க. அந்த சிஸ்டருக்கு நன்றி சொல்ல எனக்கு இனி வேற வழி இல்ல. வளைவு கெடக்கட்டும், கமிட்டிகிட்ட நான் பேசிக்கிறேன். மனுவில எண்ணிக்கைய மட்டும் மாத்துங்க, நூத்திப் பதிமூணு. இந்தக் கால் என்னோடது.